ஓலைக்கும் நாருக்கும் வலைக்கும் பண உதவி: வாசகர் கேள்வி – பதில்

பனை ஓலை, நார், நூல் ஆகியவற்றைக் கொண்டு கைவேலை செய்பவர்களுக்கு அரசும் வங்கிகளும் தரும் பண உதவியைப் பற்றி இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழின் கேள்வி – பதில் பகுதியை ஒதுக்கியிருக்கிறோம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம், எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: சாயல்குடிக்கு அருகில் கடலோரக் கிராமம் ஒன்றில் நாங்கள் பன்னிரண்டு பெண்கள் சுயஉதவிக் குழுவாகச் சேர்ந்து ஓலைப்பெட்டி, கொட்டான், சுளகு, விசிறி பின்னுகிறோம். முன்பு ஒரு பயிற்சி முகாம் நடத்திச் சான்றிதழ் கொடுத்தார்கள்; அதன் பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது ஒருவர் வந்து, ஆளுக்கு மூன்று லட்சம் ரூபாய் கைவினைக் கடன் வாங்கித் தருவதாகவும், மனுப் போட முன்பணம் வேண்டும் என்றும் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: முன்பணம் கேட்பவரை முதலில் அனுப்பி வையுங்கள். நீங்கள் குறிப்பிடும் கடனுக்கு விண்ணப்பிக்க எந்தத் தரகரும் தேவையில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், வாங்கப்போகும் பணம் உங்கள் தொழிலில் எந்த இடத்தில் போய் நிற்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஓலைத் தொழிலுக்கு இயந்திரம் கிடையாது. குருத்தோலையை வெட்டி வந்து, வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வாராகக் கிழித்து, வேண்டிய வார்களைக் கொதிக்கும் சாயநீரில் முக்கி எடுத்து, பின்னுவதற்கு முன் தண்ணீர் தெளித்துப் பதமாக்கி, அடியைப் பின்னிப் பக்கங்களை மேலே எழுப்பி, விளிம்பில் நார் வைத்துத் தைத்து முடிக்கும்வரை ஒரு கத்தி, ஓர் ஊசி, ஓர் அடுப்பு, ஒரு பெரிய பாத்திரம் ஆகியவை போதும். ஆகவே பெருந்தொகையாக ஒரு கடன் வந்தால், அது தொழிலுக்குள் நுழைய இடமில்லாமல் மகளின் கல்யாணச் செலவுக்கும் பழைய கந்துக் கடனை அடைப்பதற்கும் போய்விடும். அப்படிச் செலவழிப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மாதத் தவணையை அந்த ஓலைதான் ஈட்டித் தர வேண்டியிருக்கும். ஓலையால் அது முடியாது.

உங்களுக்கு உண்மையிலேயே பணம் வேண்டியிருப்பது இரண்டு இடங்களில். முதலாவது, ஓலை வாங்குவது. இராமநாதபுரத்துக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. அந்த நாட்களில் ஓலை காயாது. அரைகுறையாகக் காய்ந்த ஓலையில் பூஞ்சணம் பிடித்துக் கரும்புள்ளி விழுந்துவிடும். புள்ளி விழுந்த பெட்டியைக் கடைக்காரர் பாதி விலைக்கும் எடுக்க மாட்டார். ஆனால் இனிப்புப் பெட்டியும் தாம்பூலப் பெட்டியும் அதிகமாகக் கேட்கப்படுவது தீபாவளியில் தொடங்கித் தை மாதக் கல்யாணங்கள்வரையில்தான். எனவே ஆவணி முடிவதற்குள் ஓலையை வாங்கி, உலர்த்தி, ஈரம் படாத இடத்தில் அடுக்கி வைத்திருக்கிற குழுவுக்கு மட்டுமே அந்தப் பருவத்தின் ஆர்டரைத் துணிந்து ஏற்க முடியும். ஆடி, ஆவணியில் கையில் பணம் இல்லாத குழு, ஐப்பசியில் கடன் கிடைத்து என்ன செய்யும்?

இரண்டாவது இடம், சரக்கை அனுப்பிய நாளுக்கும் பணம் வந்து சேரும் நாளுக்கும் நடுவே உள்ள காலம். ஆர்டர் கொடுத்தவர் மாதக் கணக்கில் இழுத்தடிக்கும்போது, பின்னியவர்களுக்குக் கூலி கொடுக்கக் குழுவிடம் இருப்பு வேண்டும். இந்த இடத்தில் பலருக்குத் தெரியாத ஒரு சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. மத்திய அரசின் ‘உதயம்’ இணையதளத்தில் குறுந்தொழிலாகப் பதிந்துகொண்டவரிடம் பொருள் வாங்கியவர், எழுத்துவழி ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி சேரும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஒரு பெட்டிக் கடைக்காரர்மீது வழக்குப் போடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பில்லின் அடியில் உதயம் எண்ணையும் ‘45 நாட்கள்’ என்ற வரியையும் அச்சிட்டுக் கொடுத்தால், பெரிய கடைகளின் கணக்குப் பிரிவில் உங்கள் பில் அடியில் போய்க் கிடக்காது.

இனி அந்த மூன்று லட்சத்துக்கு வருவோம். அவர் குறிப்பிடுவது தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டமாக இருக்க வேண்டும். அதில் 25 வகைத் தொழில்கள் சேர்க்கப்பட்டன. கூடை முடைதல், கயிறு, பாய் பின்னுதல், பனை ஓலை வேலைப்பாடு, மீன் வலை தயாரித்தல், துணி நெய்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். 35 வயது நிறைந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம், 5 சதவீதம் வரை வட்டி மானியம் என்பது அதன் அமைப்பு. இதைக் கொஞ்சம் பென்சிலை எடுத்துப் போட்டுப் பாருங்கள். 2 லட்சத்துக்கு 25 சதவீதம் என்றாலே 50,000 ஆகிவிடுகிறது. அதற்கு மேல் வாங்கும் ஒரு லட்சத்துக்கு மானியமாக ஒரு ரூபாயும் கூடாது. சுமை மட்டும் கூடும். ஒருவர் மூன்று லட்சத்தையே வலியுறுத்துகிறார் என்றால், அதில் யாருக்கு லாபம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. குழுவில் சாயம் போடுவது, கணக்கு எழுதுவது, வெளியூர் சென்று ஆர்டர் பிடிப்பது ஆகியவற்றைப் பொறுப்பேற்றுச் செய்யும் ஒருவரோ இருவரோ அளவான தொகைக்கு விண்ணப்பிப்பது நியாயம். பன்னிரண்டு பேரும் தனித்தனியே கடனாளியாவதில் எனக்கு உடன்பாடில்லை. விண்ணப்பத்தையும் விதிகளின் தற்போதைய நிலையையும் இராமநாதபுரத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டுக்கொள்ளலாம்.

ஓலைக் கொள்முதலுக்கு இதைவிடப் பொருத்தமானது உங்கள் குழுவின் பெயரிலேயே வாங்கும் வங்கிக் கடன். ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் உள்ள பெண்கள் குழுக்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரையான கடன் 7 சதவீத வட்டிக்குக் கிடைக்கும். குழுக் கடன் 10 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை வங்கி பிணை கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கி வைக்கக் கூடாது, வைப்புத்தொகை போடச் சொல்லக் கூடாது என்பவை ரிசர்வ் வங்கியின் விதிகள். கிளையில் உங்களை வேறு மாதிரி நடத்தினால் மகளிர் திட்ட அலுவலகத்திலும் மாவட்டத்தின் முன்னோடி வங்கி மேலாளரிடமும் எழுத்தில் முறையிடுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதால் பயனில்லை. மனுவைச் சித்திரை, வைகாசியிலேயே கொடுங்கள். நடைமுறைகள் முடிந்து ஆடிக்குள் பணம் கைக்கு வர அவ்வளவு முன்னதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். புதிய கடைக்காரர் எவராக இருந்தாலும் விற்ற பிறகு பணம் தருகிறேன் என்ற ஏற்பாட்டில் முழுச் சரக்கையும் ஒப்படைக்காதீர்கள். ஓலைக்கும் சாயத்துக்கும் ஆகும் தொகையையாவது முன்பணமாகக் கேளுங்கள். அதற்கும் இணங்காத கடைக்காரர், உங்கள் மூலதனத்தில் தம் கடையை நிரப்பிக்கொள்ளப் பார்க்கிறார் என்றுதான் பொருள்.

கேள்வி: பாம்பனில் வலை பின்னும் குடும்பம் எங்களுடையது. வீச்சு வலை, நண்டு வலை எல்லாம் கையாலேயே முடித்துக் கொடுப்போம்; பழுதும் பார்ப்போம். ‘இது மீன்பிடித் தொழில், கைவினை அல்ல’ என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரிதானா?

பதில்: சரியில்லை. மேலே சொன்ன மாநிலத் திட்டத்தின் 25 தொழில்களில் மீன் வலை தயாரித்தல் பெயர் சொல்லியே இருக்கிறது. மத்திய அரசு 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களிலும் வலை செய்பவர் இருக்கிறார். 15,000 ரூபாய் வரை கருவி உதவி, பயிற்சி நாட்களில் தினம் 500 ரூபாய், 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சமும் பிறகு 2 லட்சமும் கடன் என்று அதன் சலுகைகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் குடும்பத் தொழிலை முன்னிறுத்தும் அதன் அடிப்படையை ஏற்க இயலாது என்று கூறித் தமிழ்நாடு அரசு அதை அப்போதைய வடிவில் செயல்படுத்தப் போவதில்லை என 2024 நவம்பரில் அறிவித்தது. அந்த மறுப்பின் தொடர்ச்சியாக வந்ததே மாநிலத் திட்டம். இரு அரசுகளின் வாதத்திலும் நியாயங்கள் உண்டு. நடுவில் 18 வயதுக்கும் 35 வயதுக்கும் இடைப்பட்ட வலைக்காரர் எந்தப் பட்டியலிலும் சேராமல் நின்றுவிட்டார் என்பதை மட்டும் இங்கே பதிவுசெய்கிறேன்.

இனி அலுவலகத்துக்குப் போகும்போது திட்டத்தின் தொழில் பட்டியலின் நகலையும், பாதி முடித்த ஒரு வலையையும், வலை ஊசியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வலைக்கண்ணின் அளவு மாறாமல் முடிச்சுப் போடுவதைக் கண்ணெதிரே பார்த்த பிறகு அதைக் கைவினை அல்ல என்று சொல்வது எவருக்கும் கடினம். நைலான் நூல் கடையில் வாங்கியதுதானே என்று யாராவது கேட்டால், பருத்தி நூலில் வலை முடித்து மரப்பட்டைச் சாற்றில் தோய்த்துக் கடலில் இறக்கிய காலத்திலும் இதே முடிச்சுதான் போடப்பட்டது என்று சொல்லுங்கள்.

கேள்வி: கீழக்கரையைச் சேர்ந்தவள் நான், வணிகவியல் பட்டதாரி. என் உம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சாயமேற்றிய ஓலையில் தட்டு, மூடி, பெட்டி பின்னுவதில் தேர்ந்தவர்கள். இதற்குப் புவிசார் குறியீடு வாங்கி, பட்டறை ஒன்று கட்டி, வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று நினைக்கிறேன். எந்த மானியத்தில் தொடங்குவது?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை.

புவிசார் குறியீடு மதிப்பு மிக்கது. நம் மாவட்டத்தின் முண்டு மிளகாய்க்கு 2023இல் அது கிடைத்தது. ஓலையிலேயே, அண்டை மாவட்டமான சிவகங்கைப் பகுதியின் செட்டிநாட்டுக் கொட்டானுக்கு ஏற்கெனவே இருக்கிறது. சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் உற்பத்தியாளர்களின் சங்கம் விண்ணப்பிக்கலாம். நபார்டு வங்கி பல பொருட்களுக்கு இந்தச் செலவில் துணை நின்றிருக்கிறது. ஆனால் குறியீடு என்பது பெயரைக் காப்பாற்றும் வேலி மட்டுமே. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், பின்னுகிற ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிய வேண்டும், போலியாக விற்பவரை நாமே தேடிப் பிடிக்க வேண்டும். விற்பனை நடந்துகொண்டிருக்கிற பொருளுக்கு அது கூடுதல் விலை தரும். விற்பனையே இல்லாத பொருளுக்கு அது தரக்கூடியது ஒரு சட்டம் போட்ட சான்றிதழ்.

பட்டறைக்கு நிதி வேண்டுமென்றால், பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறப் பெண் தொழில்முனைவோருக்குத் திட்டச் செலவில் 35 சதவீதம் வரை மானியம் உண்டு. கைமுதல் 5 சதவீதம் போட்டால் போதும். கீழக்கரை நகராட்சி என்பதால், பட்டறை அமையும் இடம் கிராமக் கணக்கில் வருகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நகர்ப்புறமென்றால் 25 சதவீதம்தான். இந்த மானியம் கையில் வராது. உங்கள் பெயரில் வைப்புத்தொகையாக வங்கியிலேயே மூன்றாண்டுகள் இருந்து, தொழில் நடக்கிறது என்று உறுதியான பிறகே கடனில் வரவு வைக்கப்படும். அதுவரை வியாபாரத்தை ஓட்ட வேறு பணம் வேண்டும். ஊர்முழுக்க உள்ள கைவினைஞர்களைத் திரட்டிப் பொது வசதி மையம் அமைக்க ‘ஸ்ஃபுர்த்தி’ என்ற தொகுப்புத் திட்டமும் இருக்கிறது. 500 கைவினைஞர்கள் வரையிலான தொகுப்புக்கு 2.5 கோடி ரூபாய் வரை வகைசெய்த திட்டம் அது. அந்த அளவு நிர்வாகத்தைத் தாங்க ஒரு வலுவான சங்கம் முதலில் வேண்டும்.

எனக்குப் பட்டறைக் கட்டடங்கள் மீதே ஐயம் உண்டு. ஓலை பின்னும் பெண் காலையிலிருந்து மாலைவரை ஒரு கூடத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர் அல்லர். உலை கொதிக்கும் நேரத்தில் இரண்டு வரி, பிள்ளை பள்ளிக்குப் போன பிறகு நான்கு வரி, ளுஹர், அஸர் தொழுகைகளுக்கு நடுவே கொஞ்சம் என்று வீட்டுத் திண்ணையிலேயே முடிப்பவர். அவரைக் கூடத்துக்கு வரச்சொன்னால் கூடம் பூட்டிக் கிடக்கும். பொதுவில் கட்ட வேண்டியவை இரண்டே: கழிவுநீர் தெருவில் ஓடாத ஒரு சாயக்கூடம், மழைக்காலத்தில் ஈரம் ஏறாத ஓர் ஓலைக் கிடங்கு. இவற்றுக்குப் பெருந்தொகை வேண்டியதில்லை.

ஆகவே முதலில் உங்கள் உம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினை மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் வழங்கும் ‘பெஹ்சான்’ என்ற கைவினைஞர் அடையாள அட்டையை வாங்குங்கள். காந்தி சில்ப் பஜார் போன்ற கண்காட்சிகளில் இடம் பெற அது வேண்டும். பெண்கள் குழுவாக இருந்தால் சரஸ் மேளாவும், மகளிர் திட்டம் நடத்தும் கல்லூரிச் சந்தையும் உண்டு. 1973 முதல் இயங்கும் பூம்புகார் என்னும் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்துக்கு மாதிரிகளை எடுத்துச் செல்லுங்கள். எந்த அளவு, எந்த நிறம், என்ன விலை என்று மக்கள் கேட்பதை இரண்டு பருவங்கள் எழுதி வைத்துக்கொண்ட பிறகு, ஏற்றுமதியைப் பற்றி யோசிக்கலாம். வணிகவியல் படித்தவர் ஒருவர் அந்தக் கணக்கை எழுதினாலே உங்கள் தெருவுக்குப் பெரிய மூலதனம் கிடைத்தது போலத்தான்.

கேள்வி: எமனேஸ்வரத்தில் கைத்தறி நெசவு செய்கிறோம். எங்களுக்கும் இதே திட்டங்கள்தானா?

பதில்: கடற்கரையிலிருந்து நீங்கள் சற்று உள்ளே தள்ளியிருந்தாலும் உங்கள் நிலை ஓலைக்காரர்களுடையதைவிட மேல். நெசவாளர் முத்ரா கடனில் வட்டி 6 சதவீதத்தைத் தாண்டாமல் மத்திய அரசு ஈடுகட்டுகிறது. கடன் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 25,000 ரூபாய், கைமுதலுக்கான உதவியாகக் கிடைக்கும். நூல் கொள்முதலில் 15 சதவீத மானியம் உண்டு. கைத்தறிக் கூடத்துக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் வரை மின்சாரம் இலவசம். கூட்டுறவுச் சங்கம், கோ-ஆப்டெக்ஸ், தனித் துறை என்று ஓர் ஏற்பாடே உங்களுக்கு இருக்கிறது. சங்கத்தின் வழியாகவே விண்ணப்பியுங்கள். ஓலைக்கும் இந்த நூல் மானியம் மாதிரி ஒரு கொள்முதல் மானியம் இருந்திருந்தால், முதல் கடிதத்துக்கு நான் இத்தனை நீளமாகப் பதில் எழுத வேண்டியிருந்திருக்காது.

கேள்வி: பெரியபட்டினத்துக்குப் பக்கத்தில் வசிக்கும் என் அப்பத்தாவுக்கு வயது 62. சிறுவயதிலிருந்து கடகமும் பெட்டியும் முடைந்தவர். இப்போது கண் தெரியவில்லை. அவருக்கு ஏதாவது உதவி உண்டா?

பதில்: அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களில் 60 வயதுக்குள் பதிந்திருந்தால் அவருக்கு வாரியத்தின் ஓய்வூதியம் கிடைத்திருக்கும். இனிப் பதிய இயலாது. முதியோர் ஓய்வூதியத்துக்கு வட்டாட்சியரின் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். 2023இல் அது 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்த்தப்பட்டது. இ-சேவை மையம் வழியாக மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணைப் பொறுத்தவரை, புரையாக இருந்தால் அரசு மருத்துவமனையிலேயே இலவசமாக அறுவை சிகிச்சை செய்துவிடுவார்கள். அதை ஓய்வூதியத்துக்கு முன்னதாகவே பாருங்கள்.

உங்கள் அம்மாவோ சித்தியோ இந்த வேலையைத் தொடர்கிறார்கள் என்றால், அவர்களை இந்த மாதமே தொழிலாளர் துறை அலுவலகத்தில் கைவினைத் தொழிலாளராகப் பதிவுசெய்து வையுங்கள். பிள்ளைகளின் படிப்புக்கும், திருமணத்துக்கும், விபத்துக்கும் வாரியம் தொகை தருகிறது. ‘வீட்டில் சும்மா இருக்கிறேன்’ என்று குடும்ப அட்டையிலும் கணக்கெடுப்பிலும் சொல்லிவிடுகிற பழக்கம் நம் பெண்களுக்கு இருக்கிறது. நாள் முழுக்க ஓலை பின்னிக்கொண்டே சொல்கிற சொல் அது. அறுபதாவது வயதில் அதன் விலை தெரிகிறது.

கேள்வி: நான் மண்டபத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். பிளாஸ்டிக் கூடை மலிவாகவும் உறுதியாகவும் கிடைக்கும்போது, மக்களே கைவிட்ட ஒரு தொழிலுக்கு வரிப்பணத்தைக் கொட்டுவது எதற்கு? இது கருணையா, கொள்கையா?

பதில்: உங்கள் கேள்வியில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். நெல் கொட்டி வைத்த கடகத்தின் இடத்தை வேறு பாத்திரங்கள் பிடித்துவிட்டன. அதைத் திரும்ப ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுவர அரசு பணம் செலவழித்தால் அது வீண். பின்னல் தெரிந்த பெண்களுக்கே மறுபடி மறுபடி பின்னல் பயிற்சி நடத்தி, புகைப்படம் எடுத்து, சான்றிதழ் கொடுத்து முடித்துக்கொள்வதும் அப்படித்தான்.

ஆனால் மக்கள் கைவிட்டது பெட்டியின் பழைய உபயோகத்தை மட்டுமே. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. தடை போட்ட அரசே மாற்றுப் பொருளை வாங்கவும் செய்தால், அதற்குக் கருணை என்று பெயர் வைக்க முடியாது. கருப்பட்டியும் கருவாடும் ஓலையில் கட்டி விற்கப்பட்ட ஊர்கள் இவை. இராமேசுவரத்துக்கு ஆண்டு முழுவதும் வடநாட்டிலிருந்தும் தென்னாட்டிலிருந்தும் யாத்திரிகர்கள் வருகிறார்கள். அவர்கள் கையில் வாங்கிச் செல்லும் பிரசாதமும் சங்குப் பொருளும் சாயல்குடி ஓலைப்பெட்டியில் வைத்துத் தரப்பட்டால், அந்த ஒரு கொள்முதல் பல குழுக்களுக்கு ஆண்டு முழுவதற்கும் வேலை கொடுக்கும். என் கருத்தைக் கேட்டால், 50,000 ரூபாய் மானியத்தைவிட 50,000 ரூபாய்க்கு நிச்சயமான ஓர் ஆர்டர் மேல். மானியம் ஒருமுறை வந்து போய்விடும். ஆர்டர் வந்தால் தரம், அளவு, தவணை எல்லாம் தாமாகவே ஒழுங்குக்கு வரும். அரசு அலுவலக விழாக்களில் நினைவுப் பரிசும் மாலை நேரச் சிற்றுண்டியும் எதில் வைத்துத் தரப்படுகின்றன என்பதைக் கவனித்துப் பாருங்கள். திட்ட அறிக்கையைவிட அது உண்மையைச் சொல்லும்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கடற்கரையில் வயல் வேலை குறைவு; மீன்பாடு இல்லாத நாட்களில் குடும்பத்துக்கு வரும் ரொக்கம் பெரும்பாலும் பெண்கள் கையில் ஈட்டுவதே. வீட்டைவிட்டு வெளியேறாமல், மின்சாரம் இல்லாமல், உள்ளூர் மூலப்பொருளில் நடக்கும் வேலை இது. பெருந்தொழில்களுக்கு நிலமும் மின்சாரமும் வரிச்சலுகையும் கொடுப்பதைக் கொள்கை என்கிறோம் அல்லவா?

கேள்வி: தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குக் கடனும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம்; ஓலை வெட்டித் தர ஆள் இல்லை, வடலி எனும் இளம் பனைகளையும் வீட்டுமனைக்காக அழித்துக்கொண்டே போகிறார்கள். இதற்கு ஏதாவது திட்டம் உண்டா?

பதில்: வந்த கடிதங்களில் அடிப்படையைத் தொட்டது உங்களுடையதுதான். பனை 1978 முதல் நம் மாநில மரம்; பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, அதையொட்டிப் பனை மேம்பாட்டு இயக்கமும் தொடங்கப்பட்டது. நடைமுறையில் அந்தக் காவல் வளர்ந்த மரத்துக்குக் கிடைக்கும் அளவுக்கு வடலிக்குக் கிடைப்பதில்லை. பெட்டி பின்னுவதற்கு உகந்த மெல்லிய குருத்து, எட்டும் உயரத்தில் இருக்கிற வடலியில்தான் எளிதாகக் கிடைக்கும் என்பது மனை போடுகிறவருக்குத் தெரியாது. வடலி அழிக்கப்படுவதைக் கண்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள்.

ஊராட்சிப் புறம்போக்கிலும் கண்மாய்க் கரையிலும் உள்ள வடலிகளின் ஓலையை உங்கள் குழுவே பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுக்க முடியுமா என்று ஊராட்சியில் கேளுங்கள். கிராமசபையில் தீர்மானமாக வைத்தால் பேச்சோடு நின்றுவிடாது. பாட்டத் தொகைக்குக் குழுவின் சுழல்நிதியைத் தயங்காமல் பயன்படுத்தலாம். வெட்டுவதற்கு வடலியில் ஏற வேண்டியதில்லை. நீண்ட கழியில் கட்டிய அரிவாள் போதும். ஒரே வடலியில் அடுத்தடுத்த குருத்துகளை எடுக்காதீர்கள், மரம் இளைத்துவிடும். ஒன்றை எடுத்தால் அடுத்ததை விரிய விடுங்கள். உயரமான மரத்துக்கு ஆள் வைத்தால், அவரைப் பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பதியச் செய்யுங்கள். விபத்து நேர்ந்தால் அவர் குடும்பத்துக்கு அதுவே ஆதாரம்.

புதிதாக விதைக்கத் தோட்டக்கலைத் துறையின் வட்டார அலுவலகத்தில் பனை விதை கேட்டுப் பாருங்கள். அது கிடைக்காவிட்டாலும், ஆவணி, புரட்டாசியில் மரத்தடியில் விழும் பழங்களே போதும். நாற்றாக வளர்த்துப் பிடுங்கி நடுவது பனைக்கு ஒத்துவராது. முதல் முளை நேரே மண்ணுக்குள் இறங்குவதால், மழைக்கு முன்பே இருக்க வேண்டிய இடத்திலேயே கொட்டையைப் புதைக்க வேண்டும். தையில் கிழங்குக்காக யாரும் தோண்டிவிடாதபடி, புதைத்த இடத்தைக் கருவேல முள்ளால் மூடிவையுங்கள்.